அகலத்தை விற்கிறார்கள், நமக்கு வேண்டியது உயரம்

அலுவலகக் கணினிக்குப் புது மானிட்டர் வாங்கப் போகிறவருக்கு இன்று கிடைக்கும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: ‘வாங்குறதே வாங்குறீங்க, அல்ட்ராவைடா வாங்கிருங்க.’ 34 அங்குலம், லேசான வளைவு, மேசையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே திரை. இரண்டு மானிட்டர் செய்யும் வேலையை இது ஒன்றே செய்துவிடும், நடுவில் சட்டம் மறைக்காது, வேண்டியதையெல்லாம் அருகருகே திறந்துவைத்துக்கொள்ளலாம், வேலை வேகம் கூடும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். சென்னை, பெங்களூரு மென்பொருள் அலுவலகங்களில் வேரூன்றிய இந்த நம்பிக்கையை போடிநாயக்கனூர் ஏலக்காய்க் கடைக்கும், மலைத்தோட்டத்தின் கணக்கு அறைக்கும் அப்படியே கொண்டுவந்து வைக்கிறார்கள். அங்கே நடக்கும் வேலைக்கு இது பொருந்தாது என்பதே என் கட்சி. அல்ட்ராவைடு நன்றாகச் செய்யப்பட்ட பொருள்தான். ஆனால் வேறு வேலை பார்க்கிறவருக்காகச் செய்யப்பட்டது. கணக்குப் பார்ப்பவர் அதற்குக் கொடுக்கும் கூடுதல் பணம், அவருக்குத் தேவையில்லாத பக்கத்தில் போய்ச் சேர்கிறது.

முதலில் அங்குலக் கணக்கைச் சரிபார்ப்போம், ஏனென்றால் குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மானிட்டரின் அளவை மூலைக்கு மூலை குறுக்காக அளந்து சொல்வது வழக்கம். சாதாரண மானிட்டரின் அகல உயர விகிதம் 16:9, அல்ட்ராவைடின் விகிதம் ஏறத்தாழ 21:9. குறுக்களவு மாறாமல் அகலம் கூடக்கூடத் திரையின் மொத்தப் பரப்பு குறையும். 34 அங்குல அல்ட்ராவைடின் அகலம் சுமார் 80 சென்டிமீட்டர், உயரம் 33 சென்டிமீட்டர் சொச்சம். 27 அங்குலச் சாதாரண மானிட்டரின் உயரமும் அதே 33 சொச்சம்தான். 32 அங்குலச் சாதாரண மானிட்டரோ 71 சென்டிமீட்டர் அகலமும் 40 சென்டிமீட்டர் உயரமும் கொண்டது. பெருக்கிப் பார்த்தால், 34 என்று பெயர் போட்ட திரை சுமார் 2,650 சதுர சென்டிமீட்டர், 32 என்று பெயர் போட்ட திரை சுமார் 2,820. சிறிய எண்ணைத் தாங்கி நிற்பதுதான் பெரிய திரை. விலை குறைந்த 29 அங்குல அல்ட்ராவைடின் நிலைமை இன்னும் மோசம். அதன் உயரம் 28 சென்டிமீட்டர் சொச்சம், அதாவது 23 அங்குல மானிட்டரின் உயரம். அதில் மேலிருந்து கீழாக இருப்பவை 1080 பிக்சல் வரிகள். பத்து ஆண்டுகளாக அந்த மேசையில் இருக்கும் பழைய மானிட்டரிலும் பெரும்பாலும் அதே 1080தான் இருக்கும்.

இந்த வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும். 21:9 என்பது அகன்ற திரைச் சினிமாவின் விகிதத்தை ஒட்டியது. ஃபிலிப்ஸ் நிறுவனம் 2009இல் ‘சினிமா 21:9’ என்ற பெயரிலேயே ஒரு தொலைக்காட்சியைக் கொண்டுவந்தது. படத்தின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளை ஒழிப்பதுதான் அதன் நோக்கம். எல்ஜியின் 29 அங்குல அல்ட்ராவைடு மானிட்டர் 2012இல் வந்தது. சாம்சங் 2017இல் 49 அங்குலத்தில், 32:9 விகிதத்தில் ஒன்றை விளையாட்டுப் பிரியர்களுக்காக இறக்கியது. இரண்டு 27 அங்குலத் திரைகளை ஒட்டவைத்தது போன்ற அளவு அது. அகலம் ஏறத்தாழ 120 சென்டிமீட்டர், நான்கடி மேசையை முழுதாக அடைத்துக்கொள்ளும். சினிமாவுக்கும் கார்ப் பந்தய விளையாட்டுக்கும் பிறந்த வடிவம் பிறகுதான் அலுவலகத்துக்கு ஏற்றது என்று விற்கப்பட்டது.

போடியில் கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர் என்ன வேலை பார்க்கிறார்? ஏலக்காய் விற்பனை இங்கே 2007இல் வாய்மொழிக் கேள்வியை விட்டு மின்னணு ஏலத்துக்கு மாறியது. ஸ்பைசஸ் போர்டின் ஏலக்கூடம் போடியிலும், மலைமேல் வண்டன்மேட்டை அடுத்த புத்தடியிலும் இருக்கிறது. காயின் தரத்தை அங்கே எந்தத் திரையும் காட்டுவதில்லை. சாம்பிள் கைக்கு வருகிறது. நிறம், பருமன், மணம் எல்லாம் கையிலும் கண்ணிலும் மூக்கிலும் தீர்மானமாகிறது. திரையில் ஓடுவது எண்கள்: லாட் எண், மூட்டை, எடை, கேட்ட விலை. ஒரு லாட்டுக்குத் தேவையான விவரம் ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் அன்றைய வரத்து எத்தனை லாட்டோ அத்தனையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வரும். ஏலம் முடிந்த பிறகு கடையில் போடும் பட்டியல், டேலியில் ஏற்றும் பேரேடு, ஜிஎஸ்டிக்குப் பிரிக்கும் பில் வரிசை, வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாமே அப்படித்தான். கட்டங்கள் சில, வரிசைகள் நூற்றுக்கணக்கில். உடும்பன்சோலை, சாந்தன்பாறை, பூப்பாறை, ராஜகுமாரிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து கணக்கு அறைக்கு வந்து சேர்வதையும் பாருங்கள். எடைச் சீட்டு, உலர்த்தும் ஸ்டோரில் போட்ட பச்சைக்காய் எவ்வளவு, உலர்ந்து இறங்கிய காய் எவ்வளவு என்ற குறிப்பு, ஜீப் வாடகை ரசீது எல்லாம் செல்போனில் நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களாக வாட்ஸ்அப்பில் வருகின்றன. நிமிர்ந்த படத்தைப் படுத்த திரையில் திறந்தால், திரையின் உயரம் எவ்வளவோ அவ்வளவுதான் படம். இரண்டு பக்கமும் கிடக்கும் அகலம் சும்மா கிடக்கும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்பு. ஆட்களின் வருகையும் கூலியும் குறிக்கும் தோட்டத்துச் செக்ரோல் அகலமான ஏடு ஆயிற்றே, மாதத்துக்கு 31 கட்டங்கள் பக்கவாட்டில் போகுமே, அதற்காவது அகலத் திரை வேண்டாமா? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். எக்செலில் ஆள் வந்தார், வரவில்லை, அரை நாள் என்று குறிக்கும் தேதிக் கட்டத்துக்கு 30 பிக்சல் அகலம் தாராளம். 31 நாளுக்கு 930. பெயருக்கு 200. மொத்த நாள், கூலி, முன்பணம், பிடித்தம், கையில் கொடுத்தது என ஐந்து கட்டத்துக்கு 80 வீதம் 400. ஆகக் கூடி 1,530. பழைய 1920 பிக்சல் அகல மானிட்டரிலேயே இந்தச் செக்ரோல் முழுதாகத் தெரிந்து, இடமும் மிஞ்சும். மிஞ்சாதது உயரம். எக்செலில் ஒரு வரிசையின் வழக்கமான உயரம் 20 பிக்சல். மேலே மெனுப் பட்டையும் கீழே டாஸ்க்பாரும் சேர்ந்து 300 பிக்சல் போனதாக வைத்துக்கொண்டால், 1080 உயரத்தில் 39 பேர் தெரிவார்கள். அறுபது பேர் வேலைக்கு வரும் தோட்டம் என்றால் மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் திரைக்கு வெளியே. 29 அங்குல அல்ட்ராவைடு வாங்கினாலும் அதே 39தான். செலவழித்த பணத்துக்கு ஒரு வரிசைகூடக் கூடாது.

34 அங்குல அல்ட்ராவைடின் 1440 உயரத்தில் 57 வரிசைகள் கிடைக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அதே 1440 உயரம், அதே 57 வரிசைகள் 27 அங்குலச் சாதாரண மானிட்டரில் இன்னும் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. கிட்டத்தட்ட அல்ட்ராவைடின் விலையையே கொடுக்கத் தயாராக இருப்பவர் 32 அங்குல 4கே மானிட்டரைப் பார்க்க வேண்டும். அதை 125 சதவீத அளவில் வைத்தால் 3072க்கு 1728 அளவு இடம் கிடைக்கும். எழுத்து கண்ணுக்குத் தெரியும் அளவு 34 அங்குல அல்ட்ராவைடில் தெரிவதற்குச் சமம். வரிசைகளோ 71. அறுபது பேர் கொண்ட செக்ரோல் தலைப்பும் மொத்தமும் சேர்ந்து ஒரே பார்வையில் வந்துவிடும். அகலத்தில் விட்டுக்கொடுப்பது பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதல். அப்படி விட்டுக்கொடுத்த பிறகும் அந்தச் செக்ரோலுக்குத் தேவையானதைப் போல இரண்டு மடங்கு அகலம் இருக்கிறது. அல்ட்ராவைடைச் சிபாரிசு செய்கிறவர்கள் இந்த ஒப்பீட்டைச் செய்து காட்டுவதில்லை. பழைய 1080 திரைக்குப் பக்கத்தில் வைத்துத்தான் அதைப் புகழ்கிறார்கள்.

தமிழில் கணக்கு எழுதுகிறவருக்கு இதில் இன்னொரு நியாயம் இருக்கிறது. தமிழ் எழுத்துக்கு மேலும் கீழும் இடம் வேண்டும். மேலே புள்ளி, ஈகாரச் சுழி. கீழே ஊகாரக் கால். ‘மூக்கையா’ என்றும் ‘வீரம்மாள்’ என்றும் பெயர் நிரம்பிய பட்டியலில் வரிசையின் உயரத்தைக் கூட்டாவிட்டால் எழுத்து இடிபடும், கூட்டினால் தெரியும் வரிசைகள் குறையும். உயரப் பஞ்சம் ஆங்கிலப் பட்டியலை விடத் தமிழ்ப் பட்டியலை அதிகம் பாதிக்கிறது. எழுத்தின் தெளிவும் அப்படியே. ‘ணி’யின் சுழிகளையும் ‘ஞ’வின் வளைவையும் காட்ட நெருக்கமான பிக்சல் வேண்டும். 34 அங்குல அல்ட்ராவைடில் அங்குலத்துக்குச் சுமார் 110 பிக்சல், 32 அங்குல 4கேயில் சுமார் 138. அதே அளவு எழுத்தை ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட புள்ளிகளால் வரைகிறது இரண்டாவது திரை. காலை முதல் இரவு வரை ரசீதும் பெயரும் படிக்கும் கண்ணுக்கு இது சிறிய விஷயம் இல்லை.

அடுத்த மறுப்பு, பல ஜன்னல்களைப் பற்றியது. வியாபாரிக்கு ஒரே நேரத்தில் ஏலப் பட்டியலும் வேண்டும், டேலியும் வேண்டும், வாட்ஸ்அப்பும் வேண்டும், வடநாட்டு வாங்குநரின் மின்னஞ்சலும் வேண்டும். இவற்றை அருகருகே வைக்க அகலம் உதவும் என்பது உண்மை. ஆனால் அருகருகே வைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் உயரம் அதே 33 சென்டிமீட்டர்தான். நான்கையும் நீளவாக்கில் நறுக்கி வைத்துக்கொண்டு நான்கையும் உருட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். இதற்குப் பழைய தீர்வே மேலானது: இரண்டு 24 அங்குல மானிட்டர், அதில் ஒன்றைச் செங்குத்தாகத் திருப்பி நிறுத்துவது. திருப்பிய திரையில் 1920 பிக்சல் உயரம் கிடைக்கும், லாட் பட்டியலில் 80 வரிசை தெரியும். எட்டு, பத்துக் கட்டங்களுக்கு அதன் 1080 அகலம் போதும். இரண்டின் விலையும் சேர்ந்தாலும் பெரும்பாலும் ஒரு 34 அங்குல அல்ட்ராவைடின் விலையை எட்டாது.

திரை பெரிதானால் வேலை வேகமாகும் என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகம் செய்து 2008இல் வெளிவந்த ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. அதற்குப் பணம் கொடுத்தது மானிட்டர் விற்கும் என்இசி நிறுவனம். எழுத்து வேலையும் கணக்குப் பட்டியல் வேலையும் கொடுத்துப் பார்த்ததில் 18 அங்குலத் திரையைக் காட்டிலும் 24 அங்குலத்தில் 52 சதவீதம் வேகமாகவும், இரண்டு 20 அங்குலத் திரைகளில் 44 சதவீதம் வேகமாகவும் வேலை முடிந்தது. இதுவரைதான் விளம்பரங்களில் வரும். 26 அங்குலத்துக்குப் போனபோது அந்த ஆதாயம் திரும்பக் குறைந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவு. அந்தத் திரைகள் அல்ட்ராவைடு இல்லை, ஆகவே இதை வைத்து அல்ட்ராவைடை முழுதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் விற்கிறவர் பணம் போட்ட ஆய்வே ஒரு வரம்பைக் காட்டியிருக்கும்போது, பெரிதாக்கிக்கொண்டே போனால் வேகம் கூடிக்கொண்டே போகும் என்று அதன் பெயரால் சொல்வது சரியில்லை.

கழுத்து வலி வரும் என்பதை அல்ட்ராவைடுக்கு எதிரான பெரிய வாதமாகச் சிலர் வைக்கிறார்கள். 34 அங்குலத்தைப் பொறுத்தவரை அது மிகை. 60 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் அதன் ஓரம் பார்வைக் கோட்டிலிருந்து 34 பாகை விலகி இருக்கும், 32 அங்குலத்தின் ஓரம் 30 பாகை. பெரிய வேறுபாடு இல்லை. 49 அங்குலத்துக்குத்தான் அந்தக் குற்றச்சாட்டு செல்லும். தட்டைத் திரை என்றால் 45 பாகை திரும்பினால்தான் ஓரத்தைப் படிக்க முடியும். மின்செலவு வாதமும் அப்படித்தான், இரண்டு சிறிய மானிட்டரோடு ஒப்பிட்டால் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. நீண்ட வரிசையை இடக்கோடியிலிருந்து வலக்கோடிவரை படிக்கும்போது கண் பக்கத்து வரிசைக்கு வழுக்கும். செய்தித்தாள்கள் பக்கத்தைப் பத்திகளாகப் பிரித்து அச்சிடுவது இதனால்தான். லாட் எண் இடது ஓரத்திலும் தொகை 80 சென்டிமீட்டர் தள்ளி வலது ஓரத்திலும் இருந்தால், ஒரு லாட்டின் தொகையை அடுத்த லாட்டுக்கு எழுதிவிட நிறைய வாய்ப்பு. 2019 ஆகஸ்ட் 3 அன்று புத்தடி ஏலத்தில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அந்த விலையில் 200 கிலோ லாட் ஒன்று 14 லட்சம் ரூபாய். வரிசை தவறிப் படிப்பது அங்கே விளையாட்டான பிழை ஆகாது. அகலத் திரை வாங்கினாலும் ஜன்னலைச் சுருக்கி வைத்துக்கொள்ளலாமே என்றால், சுருக்கித்தான் பயன்படுத்த வேண்டும் என்ற அகலத்துக்கு எதற்காகப் பணம்?

நிறமும் கவனிக்க வேண்டியது. பச்சை மாறாத காய்க்குத்தான் நல்ல விலை, அதனால் வாங்குநருக்கு அனுப்பும் படத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் அனுப்புகிறார்கள். விலை குறைந்த அல்ட்ராவைடுகள் பலவற்றில் இருப்பது விஏ வகைப் பேனல். நேரே பார்த்தால் கறுப்பு ஆழமாக, அழகாக இருக்கும். பக்கவாட்டில் பார்க்கும்போது நிறம் வெளிறும். ஒரே காய்க்குவியல் படத்தைத் திரையின் நடுவில் வைத்தும், ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போயும் பார்த்தால் பச்சையின் அழுத்தம் மாறுவது தெரியும். அகலத்தை வைத்து விற்கப்படும் திரையில் அந்த அகலத்தின் ஓரத்தை நம்பி நிறம் சொல்ல முடியாது.

ஒரே திரை, ஒரே கேபிள், மேசை துப்புரவாக இருக்கும் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன், நடுச்சட்டம் சிலருக்கு உறுத்தும் என்பதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரே திரை என்பதில் ஆபத்தும் அடங்கியிருக்கிறது. இடிமழைக் காலத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் மலையடிவார ஊரில் மானிட்டர் கெடுவது அபூர்வம் இல்லை. கெட்டால் பெரும்பாலும் மதுரை சர்வீஸ் சென்டருக்குப் போய்த் திரும்ப வேண்டும். இரண்டில் ஒன்று போனால் மற்றொன்றில் பில் போடலாம், ஒன்றே ஒன்று என்றால் கடை நிற்கும். ஆடிட்டரோடு தொலைவிலிருந்து திரையைப் பகிரும்போதும் தொல்லைதான். 3440 பிக்சல் அகலத்தை அவருடைய 1920 அகல லேப்டாப் பாதிக்குச் சற்று மேலாகச் சுருக்கிக் காட்டும். மேலும் கீழும் கறுப்புப் பட்டை, நடுவில் படிக்க முடியாத எறும்பெழுத்து. அவர் செல்போனில் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

4கே வாங்கினால் பழைய மென்பொருள் சில மங்கலாகத் தெரியும் என்பதும், உயரமான திரையின் மேற்பகுதியைப் பார்க்க நிமிர வேண்டும் என்பதும் எதிர்த்தரப்பு சொல்லக்கூடியவை. முதலாவது உண்மை. அப்படிப்பட்ட மென்பொருளை விட முடியாதவர் 27 அங்குல 1440 மானிட்டரோடு நின்றுகொள்ளலாம், அல்ட்ராவைடு காட்டும் அதே வரிசைகள் அதில் தெரியும். இரண்டாவதற்குத் தீர்வு தாங்கியை இறக்கி வைப்பது. மேல் விளிம்பு கண்மட்டத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும், வித்தியாசம் ஆறு சென்டிமீட்டர் சொச்சம்தான்.

அல்ட்ராவைடு யாருக்கு என்று கேட்டால் தயங்காமல் சொல்வேன். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுகிறவருக்குக் காலக்கோடு பக்கவாட்டில்தான் நீளும், இசைப்பதிவு செய்கிறவருக்கும் அப்படியே. பங்குச் சந்தை வரைபடம் பார்ப்பவருக்கும், போடி அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு நிரலையும் அதன் விளைவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் அது கொடுத்த காசுக்கு உழைக்கும். அவர்கள் வாங்கட்டும். கணக்கு எழுதுகிறவரும், பட்டியல் போடுகிறவரும், செக்ரோல் பார்க்கிறவரும் அவர்களைப் பார்த்து வாங்க வேண்டியதில்லை. கடைக்குப் போகும்போது உங்கள் செக்ரோல் கோப்பையும் ஒரு மாத ஏலப் பட்டியலையும் பென்டிரைவில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அங்கே ஓடும் சினிமாத் துணுக்கை நிறுத்தச் சொல்லி, உங்கள் கோப்பைத் திறக்கச் சொல்லுங்கள். முதலாம் ஆளின் பெயரிலிருந்து கடைசி ஆளின் பெயர் வரை எத்தனை வரிசை தெரிகிறது என்று ஒவ்வொரு மானிட்டரிலும் எண்ணிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.